இயங்கிக்கொண்டிருக்கும் மருத்துவமனையில் கட்டட வேலை: ஒரு திட்ட மேலாண்மைச் சேவை பற்றிய மதிப்புரை

எங்களுடையது 30 படுக்கைகள் கொண்ட கிராமப்புற மருத்துவமனை. பிரசவம் சிக்கலானாலும், விபத்தில் அடிபட்டவருக்கு உடனே அறுவை தேவைப்பட்டாலும், சுற்றுவட்டாரத்தில் போக வேறு இடம் கிடையாது. அதை 50 படுக்கைகளாக விரிவாக்கி, பழைய கட்டடத்தையும் சேர்த்துப் புதுப்பிப்பது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தபோது, ஒப்பந்தக்காரருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று வேலையை நடத்திக்கொடுக்க ஒரு திட்ட மேலாண்மை நிறுவனத்தை அமர்த்தினோம். அவர்கள் வந்த நாள் முதல் சாவியை ஒப்படைத்த நாள் வரை வாராந்தரக் கூட்டம் ஒன்று விடாமல் உட்கார்ந்திருந்த நிர்வாக அலுவலர் நான். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு, எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சேவையில் அடங்குவன பொதுவாக வரைபடச் சரிபார்ப்பு, டெண்டர் ஆவணங்கள், கால அட்டவணை, தரச் சோதனை, பில் சரிபார்ப்பு, இறுதி ஒப்படைப்பு ஆகியவை. கட்டணத்தை மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று கேட்பது வழக்கம். நாங்கள் அதற்கு உடன்படவில்லை. செலவு ஏற ஏறத் தன் வருமானமும் ஏறும் என்ற நிலையில் இருப்பவரிடமே செலவைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை ஒப்படைப்பது சரியாகப் படவில்லை. எனவே நிலையான தொகை ஒன்றைப் பேசி, வேலை முடியும் கட்டங்களோடு அதைப் பிணைத்தோம். பேரம் மூன்று வாரம் இழுத்தது என்றாலும், பின்னர் இந்த விஷயத்தில் ஒரு நாளும் மனக்கசப்பு வந்ததில்லை.

அவர்களுடைய தொடக்கம் மிக நன்றாக இருந்தது. வரைபடத்தைத் தொடுவதற்கு முன்பே திட்ட மேலாளரும் இளம் பொறியாளர் ஒருவரும் மூன்று நாள் மருத்துவமனைக்குள்ளேயே சுற்றினார்கள். அதில் ஓர் இரவுப் பணிநேரமும் அடக்கம். பகலில் வந்து போகிறவர்களுக்கு, இரவில் ஒரே செவிலியர் இரண்டு வார்டுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும், அவருடைய மேசையிலிருந்து கடைசிப் படுக்கை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதும் புரிய வாய்ப்பே இல்லை. அதன் பிறகு ஒவ்வோர் அறைக்கும் ஒரு தாள் தயாரித்தார்கள். எத்தனை மின்முனைகள், எங்கே கை கழுவும் தொட்டி, எத்தனை ஆக்சிஜன் முனைகள், கதவின் அகலம் எவ்வளவு, அது எந்தப் பக்கம் திறக்கும் என்று எல்லாமே அதில் இருந்தன. கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்ற ஒரு வரி முதலில் அற்பமாகத் தெரிந்தது. உள்ளே மயங்கி விழும் நோயாளியின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும், உள்பக்கம் திறக்கும் கதவானால் உடைக்காமல் அவரை எடுக்க முடியாது என்று மேலாளர் விளக்கிய பின், அந்த வரிக்கு எதிராக யாரும் வாய் திறக்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு தடுப்பறையை அவர்கள் முற்றத்தில் சுண்ணாம்புப் பொடியால் உண்மை அளவிலேயே வரைந்து காட்டிய பிற்பகலை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கோடுகளுக்குள் கட்டிலையும் மானிட்டர் வண்டியையும் சிலிண்டரையும் வைத்து, ஒரு நோயாளிக்கு மூச்சு நின்றுவிட்டதாகக் கற்பித்துக்கொண்டு, செவிலியர்களை வேலை செய்யச் சொன்னார்கள். மூத்த செவிலியர் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் நிற்க முயன்றார். சுவரைக் குறிக்கும் கோடு அவருடைய குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண் தொலைவில்கூட இல்லை. “டாக்டர் இங்கே நின்றுதானே சார் குழாய் போடுவார்? எனக்கே நிற்க இடமில்லையே” என்றார். அந்தக் கோடு அங்கேயே அழிக்கப்பட்டு, இரண்டடி தள்ளி வரையப்பட்டது. கான்கிரீட்டுக்குப் பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே அக்கறையைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் அறைக்கு அவர்கள் காட்டவில்லை. மருத்துவர்களைக் கேட்டார்கள், செவிலியர்களைக் கேட்டார்கள். நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தை நாள் முழுவதும் இயக்குகிற உதவியாளர்களை ஒருவரும் கேட்கவில்லை. அழுக்குக் கருவிகள் ஒரு வாசலால் நுழைந்து, கழுவப்பட்டு, 121 அல்லது 134 டிகிரி நீராவியில் வெந்து, சுத்தமான பக்கத்து வாசலால் வெளியேற வேண்டும் என்பதும், அந்த ஓட்டம் ஓரிடத்திலும் தன்னையே குறுக்கே வெட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் அந்த வேலையின் அரிச்சுவடி. எங்களுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்ட அறைக்கோ ஒரே வாசல். டைல்ஸ் பதித்து முடித்த பிறகு சுவரை உடைத்து, சுத்தமான கருவிகளை வாங்கிக்கொள்ள ஒரு சாளரம் வைத்தோம். உடைத்த இடத்தின் டைல்ஸ் நிறம் இன்றும் ஒத்துப்போகவில்லை. அறைத்தாளில் கையெழுத்திட்டவன் நானும்தான் என்பதால், குறையில் எனக்கும் பங்குண்டு.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் இவர்களுடைய உண்மையான திறமை வெளிப்பட்டது. நகரத்து மருத்துவமனை ஓர் அறுவை அரங்கை மூடினால், நோயாளியை அடுத்த தெருவிலுள்ள இன்னொன்றுக்கு அனுப்பிவிடலாம். எங்கள் பிரசவ அறையை ஒரு நாள் மூடினாலும், அந்த நாளில் வலி எடுக்கும் பெண்ணுக்கு மணிக்கணக்கான பயணம்தான் கதி. ஆகவே, புதிய பிரிவை முதலில் எழுப்பி, பிரசவ அறையையும் அறுவை அரங்கையும் அங்கே மாற்றி, அதன் பின்னரே பழைய கட்டடத்தில் கைவைப்பது என்று நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். எந்த அறையை மூடுவதாயினும், அதற்கு மாற்றான அறை முழு ஒரு வாரம் குறையின்றி ஓடிய பிறகே மூடலாம் என்ற விதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். ஒப்பந்தக்காரர் அந்த விதியை ஒவ்வொரு கூட்டத்திலும் சபித்தார். வேலையாட்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்களுக்குக் கூலி கொடுக்கிறவர் அவர்தானே. ஆனால் வேலை நடந்த காலம் முழுவதும் கட்டட வேலையின் பெயரால் ஒரு பிரசவத்தையும் நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. இந்தச் சேவைக்கு நாங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு இந்த ஒரு விதிக்காகவே போனதாகக் கணக்கு வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

தூசியைப் பற்றி அவர்களிடம் கற்றுக்கொண்டது நிறைய. பழைய சுவரையோ பொய்க்கூரையையோ இடிக்கும்போது எழும் தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துக்கள் இருக்கும். நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களை அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளியின் நுரையீரலில் உயிருக்கே ஆபத்தான தொற்றாக மாறக்கூடும். எனவே, வேலை நடக்கும் பகுதியையும் வார்டையும் பிரிக்கும் தடுப்பு, பொய்க்கூரையோடு நின்றுவிடாமல் மேலே உண்மையான கூரைத்தளம் வரை போக வேண்டும். வேலைப் பகுதியிலிருந்து காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் தடுப்பில் இடைவெளி இருந்தாலும் காற்று வார்டிலிருந்து உள்ளே போகுமே தவிர, வேலைப் பகுதியிலிருந்து வார்டுக்கு வராது. இடிபாடுகளை வார்டு நடைபாதை வழியாக எடுக்கக் கூடாது என்பதற்காக, ஒரு ஜன்னலைக் கழற்றி, மூடிய சரிவுக்குழாய் வழியே வெளியே இறக்கினார்கள்.

மேலாளர் தினமும் காலையில் செய்த சோதனைக்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை எடுத்து, தடுப்புக் கதவைச் சற்றே திறந்து, அந்த இடைவெளியில் தொங்கவிடுவார். துண்டு வேலைப் பகுதியை நோக்கிச் சாய வேண்டும். ஒரு காலை அது எங்கள் பக்கம் சாய்ந்தது. மூன்று முறை பிடித்துப் பார்த்தார். மூன்று முறையும் அப்படியே. விசிறியின் வடிகட்டி தூசியால் அடைபட்டிருந்தது. வடிகட்டி மாற்றப்படும் வரை, இருபதுக்கும் மேற்பட்ட ஆட்களை வெளியே நிறுத்தி, மேஸ்திரியின் கூச்சலையும் பொறுத்துக்கொண்டு, அரை நாள் வேலையை நிறுத்தினார். அந்த அரை நாளுக்கு இழப்பீடு கேட்டு ஒப்பந்தக்காரர் கொடுத்த கடிதத்துக்கு, வடிகட்டியைப் பராமரிப்பது ஒப்பந்தக்காரரின் கடமை என்ற ஒப்பந்தப் பிரிவின் எண்ணை மட்டும் பதிலாக எழுதி அனுப்பினார்.

ஆக்சிஜன் குழாயில் அவர்கள் காட்டிய கண்டிப்பையும் குறிப்பிட வேண்டும். செப்புக் குழாய்களைச் சூடாக்கி இணைக்கும்போது உள்ளே நைட்ரஜனை ஓடவிடாவிட்டால், உட்புறத்தில் கறுப்பு ஆக்சைடு படிந்து, பின்னால் அது உதிர்ந்து நோயாளிக்குச் செல்லும் வழியை அடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல இணைப்பும் கெட்ட இணைப்பும் ஒன்றுபோலவே பளபளக்கும். பொறியாளர் தானே தேர்ந்தெடுத்த ஓர் இணைப்பை அறுத்து, நீளவாக்கில் பிளக்கச் சொன்னார். உள்ளே கறுப்புப் படிவு. அந்தக் கிளை முழுவதும் பிரிக்கப்பட்டு மறுபடி செய்யப்பட்டது. இணைத்து முடித்த பின்னும், எந்த முனையில் எந்த வாயு வருகிறது என்பதை வர்ணத்தை வைத்தோ பெயர்ப்பலகையை வைத்தோ நம்பாமல், ஒவ்வொரு முனையிலும் ஆக்சிஜன் அளவுக்கருவியை வைத்துப் பார்த்தார்கள்: ஆக்சிஜன் முனையில் அளவு 100 சதவீதத்தை ஒட்டியும், மருத்துவக் காற்று முனையில் 21 சதவீதமாகவும் காட்ட வேண்டும். பழைய குழாயைப் புதிய குழாயோடு சேர்க்கும் நாளை அவர்கள் இரவில் வைப்பார்கள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர்கள் வைத்ததோ காலை பத்து மணிக்கு. ஏதாவது தவறினால் கைகொடுக்க அதிகம் பேர் இருப்பது அந்த நேரத்தில்தான் என்றார்கள். ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் ஒரு சிலிண்டரையும், அதை மாற்றத் தெரிந்த ஒருவரையும் நிறுத்திய பின்னரே வால்வு மூடப்பட்டது.

மின்சாரத்தையும் இதே முறையில் சோதித்தார்கள். அறிவித்துவிட்டுப் பிரதான சுவிட்சை அணைத்தபோது ஜெனரேட்டர் பத்து வினாடிக்குள் கிளம்பியது. அறுவை அரங்கு விளக்கு யூ.பி.எஸ்.ஸில் கண் சிமிட்டாமல் எரிந்தது. ஆனால் புதிய பிரசவ அறை இருட்டாகவே இருந்தது. அந்த அறையின் மின்சுற்று ஜெனரேட்டர் பலகையில் இணைக்கப்படவே இல்லை. காகிதத்தில் அது இணைக்கப்பட்டு, கையெழுத்தும் ஆகியிருந்தது.

இனி, இவர்களிடம் எனக்குள்ள பெரிய மனக்குறைக்கு வருகிறேன். கட்டுவதில் அவர்களுக்கு இருந்த தெளிவு, கட்டியது பழுதானால் இங்கே யார் சரிசெய்வார் என்பதில் இல்லை. கை படாமல் நீர் வரும் உணரிக் குழாய்களை எல்லாத் தொட்டிகளுக்கும் பரிந்துரைத்தார்கள்; முழங்கையால் தள்ளித் திறக்கும் நீண்ட கைப்பிடிக் குழாய் அதே வேலையைச் செய்யும், அதன் உள்ளிருக்கும் வாஷரை எங்கள் பிளம்பரே மாற்றிவிடுவார் என்று நாங்கள் சொன்னது எடுபடவில்லை. ஆறு மாதத்தில் உணரிகளில் பாதி செத்துவிட்டன. உதிரி பாகம் வரும் வரை செவிலியர்கள் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டார்கள். தொற்றைத் தடுக்க வந்த குழாய், கடைசியில் வாளியில் கைவிட வைத்தது. எல்லாவற்றையும் கழற்றி முழங்கைக் குழாய்களைப் போட்டுவிட்டோம். அறுவை அரங்கின் காற்றுப் பதன அமைப்பு இன்னும் மோசம்: அதன் கட்டுப்பாட்டுப் பலகை தொடுதிரை கொண்டது, அது பிழைக்குறி காட்டினால், அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வந்து சேர இரண்டு நாள் ஆகிறது. அரங்குக்கு மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும், 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வேண்டும், உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும் என்பவற்றில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அவற்றைச் சாதாரண முள் அளவிகளோடும் கைச் சுவிட்சுகளோடும் செய்ய முடியும் என்பதுதான் என் வாதம்.

பொது வார்டுகளுக்கும் இயந்திரக் காற்றோட்டம் என்று அவர்கள் கொண்டுவந்த திட்டத்தை நல்ல வேளையாக எங்கள் மருத்துவர்கள் தடுத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி, இயற்கைக் காற்றோட்டமுள்ள பொது வார்டுகளில் ஒரு நோயாளிக்கு வினாடிக்கு 60 லிட்டர் காற்றும், காற்றில் பரவும் நோய்களுக்கான அறைகளில் 160 லிட்டர் காற்றும் கிடைக்க வேண்டும் என்கிறது. எதிரெதிர்ச் சுவர்களில் உயரமான ஜன்னல்களும், கூரைக்கு அருகே திறப்புகளும் இருந்தால், மின்சாரம் போன நாளிலும் காற்று ஓடும். பழைய வார்டைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தத் திறப்புகளைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அவற்றை மீண்டும் திறந்து வலை அடித்ததே அந்த வார்டின் புதுப்பித்தலில் பாதி. இந்தத் திருத்தத்தை மேலாளர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய கட்டடத்தில் பயனற்றுத் தொங்கிய, முனை அடைபட்டுத் தண்ணீர் ஓடாமல் நிற்கும் முட்டுக் குழாய்களைத் தேடித் தேடி அறுத்து எடுத்ததும் அவரே. தேங்கி நிற்கும் 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும் என்பதை நாங்கள் அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

காலத்தையும் கணக்கையும் பற்றிச் சுருக்கமாக. 16 மாதம் என்று தொடங்கிய வேலை 21 மாதம் எடுத்தது. இரண்டு மாதத்தை மழை தின்றது. ஒன்றரை மாதம், பாதியில் டயாலிசிஸ் அறை கேட்ட எங்கள் குழுவால் போனது. மிச்சம், அறுவை அரங்குக் கதவுகளுக்குத் தாமதமாக ஆர்டர் கொடுத்த அவர்களால். பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் ஒதுக்கச் சொல்லியிருந்தார்கள்; அது கிட்டத்தட்ட முழுவதும் செலவானது. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் அதற்கான விலையோடு பதிவேட்டில் எழுதப்பட்டு, நாங்கள் கையெழுத்திட்ட பிறகே தொடங்கியதால், கடைசி பில்லில் நாங்கள் அறியாத வரி ஒன்றுகூட இல்லை.

ஒப்படைப்புதான் சப்பென்று முடிந்தது. 20 மாதம் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், கடைசி வாரத்தில் அடுத்த வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். கையேடுகள் இரண்டு அட்டைப்பெட்டிகளில் வந்தன; எங்கள் மின்பணியாளருக்கு அளித்த பயிற்சி ஒரு மணி நேரத்துக்கும் குறைவு; ஆக்சிஜன் வால்வுகளின் பெயர்த்தகடுகளோ அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில். கடைசித் தவணையை நிறுத்தி வைத்தேன். பத்து நாளில் இளம் பொறியாளர் திரும்பி வந்து, எந்த வால்வு எந்தப் படுக்கைகளை அடைக்கும் என்பதைப் படமாக வரைந்து, எங்கள் மொழியில் எழுதி, சுவரில் மாட்டிவிட்டுப் போனார். இரவுப் பணியில் சேரும் ஒவ்வொருவரையும் இப்போது முதலில் அந்தப் படத்தின் முன்தான் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

மறுபடி வேலை வந்தால் இவர்களையே அமர்த்துவேன். ஆனால் எந்தக் கருவியையும் பரிந்துரைக்கும்போது, அதைப் பழுதுபார்க்கும் ஆள் எவ்வளவு தொலைவில் இருக்கிறார், எந்த உதிரி பாகத்தை இங்கேயே இருப்பு வைக்கலாம் என்பதையும் அறைத்தாளில் எழுதித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்ப்பேன்; கட்டணத்தில் கணிசமான ஒரு பங்கை, திறந்து மூன்று மாதம் ஓடிய பிறகு தருவதாகவும் வைப்பேன்.

ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. பழைய கட்டடமும் புதிய கட்டடமும் ஒரே அளவில் அமிழ்வதில்லை என்பதால், இரண்டுக்கும் நடுவே விரிவு இடைவெளி விட்டு, அதை நெகிழும் பட்டையால் மூடியிருக்கிறார்கள். அந்தப் பட்டைக்குக் கீழே, எக்ஸ்ரே அறைக்குத் திரும்பும் மூலையில், கையளவு ஈரக்கறை ஒன்று தெரிகிறது. குறை நீக்கும் காலம் முடிய நான்கு மாதம் இருக்கிறது. இரண்டு முறை வந்து பட்டையை மாற்றிவிட்டார்கள். கறையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு வரைந்து, தேதி போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மழையில் அது கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு இந்த மதிப்புரையில் ஒரு வரி சேர்ப்பேன்.